மூன்றாவது அலமாரிக் கதவு

வயதானவர்களைக் கட்டிலிலிருந்து எப்படித் தூக்குவது, மாத்திரைப் பெட்டியை எப்படி அடுக்குவது என்பதெல்லாம் உங்களுக்கு இப்போது வகுப்பிலேயே சொல்லித் தருகிறார்களாம். நல்லது. எங்களுக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. மன்னாரிலிருந்து வந்து இறங்கிய மூன்றாம் நாள் என்னை ஒரு வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டார்கள். முதுகு பிடித்த பிறகுதான் எப்படித் தூக்கக் கூடாது என்று தெரிந்தது. அதன்பின் இருபத்தாறு வருடம் இத்தாலியின் இந்தப் பலேர்மோ நகரத்தில் வயதானவர்களைப் பார்த்தேன். இப்போது என் முழங்கால்களை யாராவது பார்க்க வேண்டிய நிலை.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அனுபவத்தை எழுதித் தாருங்கள் அக்கா என்று உங்கள் ஆசிரியர்கள் கேட்டபோது, நல்லபடி முடிந்த வீடுகளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனாவைப் பிடித்ததும் தொன் நீனோவின் வீடுதான் நினைவுக்கு வந்தது. 'தொன்' என்பது இங்கே பெரியவர்களுக்குப் போடும் மரியாதைச் சொல். அங்கே நான் ஒரு பிழை செய்தேன். அதை நீங்களும் ஒருநாள் செய்யக்கூடும் என்பதால் எழுதுகிறேன். அவர்கள் இத்தாலிய மொழியில் பேசியதை எங்கள் பேச்சிலேயே தருகிறேன். என் காதில் அது அப்படித்தான் நிற்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தொன் நீனோவுக்கு எண்பது கடந்திருந்தது. நல்ல பெரிய உடம்பு. முன்பல் நான்கு இல்லை. அவை வயதால் விழவில்லை, விளையாட்டில் போனவை என்பதில் அவருக்குப் பெருமை. இரண்டு கண்ணிலும் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். இதயம் ஏற்கனவே ஒருமுறை காலை வாரியிருந்தது. துறைமுகத்துக்குப் பின்தெருவில், மூன்றாம் மாடியில் வீடு. மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகள் ஜூசி பள்ளிக்கூட ஆசிரியை. நான் அவளைச் 'சிஞ்ஞோரா', அதாவது அம்மா, என்று கூப்பிடுவேன். காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை வந்து பார்த்துப் போவாள். மற்ற நேரமெல்லாம் நான்.

அவருடைய முன்னறை ஜன்னலுக்கு நேரே, தெருவுக்கு அந்தப் பக்கம், ஒரு நீண்ட உயரமான கட்டடம் கடலை மறைத்துக்கொண்டு நின்றது. துருப்பிடித்த கூரை, உடைந்த கண்ணாடிகள், பூட்டிய இரும்புக் கதவு. பழைய பண்டகசாலை என்றுதான் முதலில் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த வாரமே தொன் நீனோ என்னைத் திருத்தினார்.

"அது ஐஸ் மண்டபம், ஜாச்சிந்தா." என் பெயர் ஜசிந்தா. அவர் வாயில் அது அப்படித்தான் வரும். "இந்தத் தீவிலை முதல் முதல் ஐஸுக்கு மேலை ஹொக்கி விளையாடின இடம். நான் கோல் காத்த இடம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆடி மாதத்தில் தார் ரோடு உருகும் ஊரில் ஐஸ் விளையாட்டா?

இரண்டு வருடத்தில் அந்த மண்டபத்தின் கதை முழுவதும் எனக்கு வந்து சேர்ந்தது. சவரம் செய்யும்போது கொஞ்சம், கால் நகம் வெட்டும்போது கொஞ்சம். மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கட்டி செய்து விற்ற ஒரு முதலாளி, வடக்கே போயிருந்தபோது மனிதர்கள் ஐஸில் சறுக்கி விளையாடுவதைப் பார்த்தாராம். திரும்பி வந்து, தன் தொழிற்சாலைச் சுவரோடு ஒட்டி இந்த மண்டபத்தைக் கட்டினார். ஐஸ் கட்டி உறைய வைத்த அதே இயந்திரத்திலிருந்து குழாய்களைத் தரைக்குக் கீழே ஓட்டினார். திறந்த அன்று மீனவர்கள் வெறுங்காலோடு வந்து ஐஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவையும் வீணாக்குகிறானே என்று திட்டினார்களாம்.

விளையாட ஆள் வேண்டுமே. தொழிற்சாலையில் கட்டி வெட்டிக்கொண்டிருந்த பொடியன்களையே முதலாளி பிடித்தார். அதில் நீனோவும் அவருடைய தம்பி தோத்தோவும் இருந்தார்கள். சறுக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு நாற்காலியைத் தள்ளித் தள்ளித்தான் நடக்கப் பழகினார்களாம். ஒரு வருடம் கழித்து வடக்கிலிருந்து ஒரு குழு கப்பலில் வந்து இவர்களோடு விளையாடியது.

"எத்தினை கோல் விட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"பதினேழு." பல் போன இடத்தை நாக்கால் தடவினார். "பதினெட்டாவதைப் பிடிச்சனான். அதைத்தான் வாயிலை வாங்கினது."

அந்த ஆட்டத்துக்கு முன்னால்தான் தோத்தோ ஒரு காரியம் செய்தான். உடை மாற்றும் அறையில் மர அலமாரிகள் வரிசையாக இருந்தன. மூன்றாவது அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் பென்சிலை அழுத்தி அழுத்திக் குழுவில் எல்லோருடைய பெயரையும் எழுதினான். எழுதத் தெரியாதவன். ஐஸ் கட்டி வெட்டும் இடைவேளையில் அண்ணன் சொல்லிக்கொடுத்த எழுத்துகள் அவை. அண்ணனின் பெயரை எல்லோருக்கும் மேலே எழுதி, அதில் ஒரு எழுத்தை விட்டுவிட்டான். பிறகு சண்டை வந்தது, இரண்டாம் உலகப் போர். தோத்தோ போனான், திரும்பவில்லை. உடல்கூட வரவில்லை. இவர்களுடைய வீட்டின் மேல் குண்டு விழுந்தபோது படங்கள், கடதாசிகள் எல்லாம் எரிந்தன. மண்டபத்தின் கூரையிலும் பாதி போனது. உடை மாற்றும் அறை மட்டும் தப்பியது. உலகத்தில் தோத்தோ தன் கையால் செய்து மிஞ்சியது அந்தப் பென்சில் எழுத்து மட்டும்தான்.

சண்டைக்குப் பிறகு கூரை போட்டு மண்டபத்தைத் திரும்பத் திறந்தார்கள். நீனோ அங்கே காவலாளி ஆனார். கொஞ்சக்காலம் சோடி சோடியாகச் சறுக்க வந்தார்கள். பிறகு குழாய்கள் ஒழுகின. ஐஸ் நின்றது. எலுமிச்சம்பழப் பெட்டிகள் அடுக்கினார்கள். கடைசியில் பூட்டினார்கள்.

"அந்தக் கதவை அப்பவே கழட்டிக்கொண்டு வந்திருக்கலாமே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏன்? அது அவன்ரை இடம். எனக்கு முன்னாலைதானே நிக்குது" என்றார்.

ஒரு வசந்த காலத்தில் ஜூசி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். முகம் வெளுத்திருந்தது. மண்டபத்தை இடிக்கப் போகிறார்கள், திங்கட்கிழமை தொடங்குகிறார்கள் என்றாள்.

"அப்பாவுக்குச் சொல்லக் கூடாது. இன்னொருக்கால் இதயம் தாங்காது எண்டு டொக்டர் சொன்னவர்தானே. நீர் அவரைப் பின்னறைக்கு மாத்தும். முன்னறை ஜன்னலை அடைச்சு வையும். சத்தம் கேட்டால், தண்ணிக் குழாய்க்கு ரோட்டைக் கிண்டுறாங்கள் எண்டு சொல்லும்."

தண்ணீர்த் தட்டுப்பாடு தீராத இந்த ஊரில் தண்ணீர்க் குழாய் என்றால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். பொருத்தமான பொய்.

ஜூசியைக் கெட்டவளாக நினைக்காதீர்கள். தகப்பனை இழக்கப் பயந்த ஒரு மகள் அவள். நான் ஏன் சம்மதித்தேன் என்பதைத்தான் யோசித்துப் பார்க்கிறேன். அந்த நாட்களில் எங்கள் ஊரிலும் சண்டை, அங்கிருந்து தொலைபேசி வந்தாலே எனக்குப் பயம். யார் எந்த முகாமில், யாரைக் காணவில்லை, எந்த வீடு இல்லை என்று ஒவ்வொரு அழைப்பிலும் ஒன்று வரும். மணி அடிக்க அடிக்க எடுக்காமல் விட்ட நாட்கள் உண்டு. தெரியாமல் இருப்பது ஒரு கருணை என்று அப்போது நம்பினேன். அதே கருணையைத்தான் அந்த மனிதருக்கும் செய்கிறேன் என்று நினைத்தேன்.

"ஓம் சிஞ்ஞோரா" என்றேன்.

திங்கட்கிழமை இயந்திரங்கள் வந்தன. பழைய தொழிற்சாலை இருந்த அந்தத் தொங்கல் முனையிலிருந்து உடைக்கத் தொடங்கினார்கள். பின்னறைக் கட்டிலும் அதிர்ந்தது.

"என்ன சத்தம்?"

"தண்ணிக் குழாய் போடுறாங்கள், தொன் நீனோ."

"நல்ல காரியம்" என்றார். நம்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை நான் அவருக்குப் பாலில் பாண் நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பிள்ளை, எனக்கொரு உதவி செய்வீரோ? எனக்கு இனிக் கனகாலம் இல்லை. அந்த மூண்டாவது அலமாரிக் கதவு எனக்கு வேணும். நகரசபையிலை ஆரையாவது பிடிச்சு மண்டபப் பூட்டின்ரை திறப்பு வாங்கும். நாலு திருகாணிதான். கழட்டி இஞ்சை கொண்டு வாரும். தடவிப் பாத்தால் போதும்."

அந்த நேரம் திறந்திருந்த கதவால், சமையலறையின் தெருப்பக்க ஜன்னலில் எனக்கு மண்டபம் தெரிந்தது. தொழிற்சாலைப் பக்கம் மட்டும்தான் விழுந்திருந்தது. உடை மாற்றும் அறை இருந்த இந்தப் பக்கம் அப்படியே நின்றது. கீழே இறங்கிப் போய்ப் பொறுப்பாளரிடம் கேட்டிருந்தால், கால் மணி நேர வேலை.

நான் என்ன யோசித்தேன் தெரியுமா? கதவைக் கொண்டுவந்து கொடுத்தால், எப்படி உள்ளே போனாய் என்று கேட்பார். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று வெளியே வரும். இடிப்பது தெரிந்துவிடும். ஜூசிக்கு என்ன பதில் சொல்வது? இவருடைய நெஞ்சுக்கு ஏதாவது நடந்தால்?

"இப்ப ரோட்டெல்லாம் கிண்டிக் கிடக்குது, தொன் நீனோ. வாற கிழமை போறன்" என்றேன்.

"அவசரமில்லை" என்றார். மணிக்கட்டை விட்டார்.

அன்று நான் அவரைக் காப்பாற்றியதாக நினைத்தேன். காப்பாற்றியது என் பொய்யை.

அடுத்த வாரம் முடிவதற்குள் எல்லாம் தரையாகிவிட்டது. சத்தம் ஓய்ந்ததும் தொன் நீனோ முன்னறைக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்தார். ஜன்னல் பலகையைத் திறக்காமல் கூட்டிப்போ என்று ஜூசி சொன்னாள். சனிக்கிழமை பின்னேரம் அவருடைய பழைய நாற்காலியில் கொண்டுபோய் இருத்தினேன். அவர் கால்களுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது, நாப்போலிக்குப் போகும் கப்பல் புறப்படும் ஊதல் கேட்டது.

நாளாந்தம் கேட்கிற ஊதல்தான். ஆனால் முன்பெல்லாம் அது மண்டபச் சுவரில் மோதி, தலையணைக்குள் அழுகிற மாதிரி வரும். அன்று அறைக்குள்ளேயே வந்து நின்று ஊதியது. அலமாரியில் இருந்த கிளாசுகள் ஒன்றோடொன்று முட்டின.

தொன் நீனோவின் கால் என் கையில் விறைத்தது.

"ஜாச்சிந்தா, கப்பல் ஏன் எங்கடை வீட்டுக்குள்ளை ஊதுது?"

பிள்ளைகளே, இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். இரண்டு மூச்சு விடும் நேரம்தான் கிடைக்கும். காற்று மாறி அடிக்கிறது என்று சொல்ல என் வாயில் வார்த்தை தயாராக இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். குருட்டுக் கண்களை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, விளங்கிவிட்டதை என் வாயால் கேட்கக் காத்திருந்தார்.

"மண்டபம் இல்லை, தொன் நீனோ. இடிச்சுப் போட்டாங்கள்."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார் என்று பயந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்:

"எப்ப தொடங்கினவங்கள்?"

"போன கிழமை. திங்கட்கிழமை."

"நான் உம்மட்டைக் கதவு கேட்டது செவ்வாய்க்கிழமை."

"ஓம்."

"அண்டைக்கு எங்கடை உடுப்பு மாத்திற அறை நிண்டதோ?"

இங்கேதான் எனக்கு இன்னும் தெளிவில்லாத இடம் வருகிறது. அன்றைக்கே விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவருக்கு அது விதியாக இருந்திருக்கும். ஆறியிருப்பார்.

"நிண்டது" என்றேன். "நான் பாத்தனான். போயிருக்கலாம். போகயில்லை."

அவருக்காகச் சொன்னேனா, என் நெஞ்சுப் பாரத்தை இறக்கச் சொன்னேனா, இன்றுவரை தெரியாது. அவர் தலையை ஒருமுறை ஆட்டினார். "காலைத் துடைச்சுவிடும். எண்ணெய் வடியுது" என்றார். இரவு சூப்பை மட்டும் முழுவதும் குடித்தார்.

என் மனுசன் ராயப்பு அப்போது ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோர ஊரில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் வேலை. விசயத்தைச் சொல்லி அழுதேன். "கதவுதானே, எங்கையாவது குவிச்சு வைச்சிருப்பாங்கள். நான் வாறன், தேடுவம்" என்றார். திங்கட்கிழமை காலை இருவரும் போனோம். இடித்த இடத்தில் ஒரு மேற்பார்வையாளர் நின்றார். தூசியில் தலைமயிரெல்லாம் வெள்ளை. அலமாரிக் கதவு என்றதும் உதட்டைப் பிதுக்கினார்.

"சுவரிலை கை வைக்க முதல் மரத்தைத்தானம்மா எடுப்பம். அந்த அறையின்ரை மரமெல்லாம் தொடங்கின கிழமை வியாழக்கிழமையே லொறியிலை போயிட்டுது. விறகுக்கு. இப்ப எரிஞ்சிருக்கும்."

செவ்வாய்க்கிழமை அவர் கேட்டார். வியாழக்கிழமை லொறி போனது. நடுவில் இருந்த புதன்கிழமை நான் அந்த வீட்டில் ஜன்னல் திரைச்சீலை தோய்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூசி என்னோடு கோபித்தாள். "அப்பாவுக்கு ஏதும் நடந்தால் நீர்தான் பொறுப்பு" என்றாள். கதவைப் பற்றிச் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அந்தக் கதவைப் பற்றி ஒன்றும் தெரியாது. சித்தப்பா ஒருவர் இருந்தார் என்பது மட்டும்தான் தெரியும். தகப்பன் மகளிடம் சொல்லாததை, நகம் வெட்டுகிறவளிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் வேலையில் இது அடிக்கடி நடக்கும்.

ஒரு வாரம் கழித்துத் தொன் நீனோ தன்னை அங்கே கூட்டிப்போகச் சொன்னார். ஜூசியும் நானும் சக்கர நாற்காலியில் கொண்டுபோனோம். அந்த மேற்பார்வையாளர் வேலித் தகரத்தை விலக்கிவிட்டார். இரும்புக் கதவு இருந்த இடத்திலிருந்து எத்தனை அடி, எந்தப் பக்கம் என்று தொன் நீனோ சொல்லச் சொல்லத் தள்ளினோம். கோல் இருந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார். கடலிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றினார். முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிச் சொன்னார்:

"இஞ்சை ஒருநாளும் காத்து வந்ததில்லை. இது வேறை இடம். வீட்டை போவம்."

அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார். என்னை ஏசவில்லை. வேலையால் நிறுத்தச் சொல்லவில்லை. காலை வணக்கம், நன்றி எல்லாம் முறையாகச் சொன்னார். ஒன்று மட்டும் மாறியது. அதற்கு முன்பெல்லாம் நான் உள்ளங்கையில் வைக்கும் மாத்திரைகளை என்ன ஏது என்று கேட்காமல் வாயில் போட்டுக்கொள்வார். இப்போது ஒவ்வொன்றாக விரலால் உருட்டிப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்பார். நெஞ்சுக்கு, நித்திரைக்கு, சலம் கழிக்க என்று சொல்வேன். சொன்ன பிறகும் சற்று நேரம் கையில் வைத்திருப்பார். ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை. ஆறு தடவை. ஏழு மாதம். தண்டனை என்று நினைத்து அவர் செய்யவில்லை. அதுதான் கொடுமை. அவரால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

இந்த வேலையில் பொய்யே சொல்லாதீர்கள் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். மகன் நேற்று வந்து போனான், நீங்கள் நித்திரை என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒன்றை மறைக்கும்படி குடும்பம் கேட்கும்போது உங்களை நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள்: தெரிந்திருந்தால் இந்த மனிதர் என்ன செய்வார்? ஒருவரைப் பார்க்கப் போவாரா, ஒரு பொருளை எடுப்பாரா, ஒரு வார்த்தை சொல்வாரா? அப்படி ஏதாவது இருந்தால், மறைக்கிற ஒவ்வொரு நாளும் அவரிடமிருந்து எடுக்கிற நாள். அதைக் குடும்பத்திடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்று சமையலறையில் ஜூசியிடம் நான் அந்தக் கதவைப் பற்றி ஒரு வசனம் சொல்லியிருந்தால், அவளே ஓடிப்போய்க் கழற்றி வந்திருப்பாள். நான் "ஓம் சிஞ்ஞோரா" என்றேன். எங்களில் பலருக்கு அந்தச் சொல் மிகச் சுலபமாக வரும். இங்கே தங்க அனுமதிக் கடதாசி இல்லாத காலத்தில் பழகிய சொல்.

தொன் நீனோ குளிர்காலத்தில் ஒரு காலை, நான் முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது இறந்தார். ஜூசி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவள் வர முக்கால் மணி நேரம் ஆனது.

அடக்கம் முடிந்த மறுநாள் அறையைத் துப்புரவாக்கப் போனேன். ஜூசி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கறுப்பு உடுப்பு, தலைமயிர் கட்டவில்லை.

"ஜாச்சிந்தா, கடைசி நேரம் அப்பா என்னைக் கேட்டவரோ?"

இந்தக் கேள்வியை எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் நாங்கள் சொல்வோம். அவள் தெரிந்துகொண்டு செய்யக்கூடியதும் ஒன்றுமில்லை. நான் இப்போது உங்களுக்குச் சொன்ன கணக்கின்படி, கேட்டவர் என்று சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. என்னால் முடியவில்லை.

"இல்லை சிஞ்ஞோரா. ஒருத்தரையும் கேட்கயில்லை."

நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பயந்தேன்.

"வந்த சனமெல்லாம் கேட்டிருப்பார் எண்டுதான் சொல்லிச்சினம்" என்றாள். "எனக்கு அது ஒண்டும் உள்ளுக்குப் போகயில்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டிலில் தனக்குப் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தாள். "நீர் இப்பிடி இரும். என்ன நடந்தது எண்டு சொல்லும். நீர் சொன்னால் நம்புவன்."

அந்த வீட்டில் இரண்டு வருடத்துக்கு மேலாக வேலை செய்தும் நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன். காலையில் அவர் கண் விழித்ததிலிருந்து, ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் சொல்லத் தொடங்கினேன்.